எதிர்க்கட்சிக் காதலும் எங்கள் வீட்டுச் சண்டையும்



ஊருக்கு வந்திருந்த மகள், போன வாரம் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டுக் காட்டினாள். பெயர் 'ஸ்பீச்லெஸ்'. 1994-இல் வந்தது. மைக்கேல் கீட்டனும் ஜீனா டேவிஸும் நடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் செனட் தேர்தல். அவன் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கும், அவள் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பவர்கள். ராத்திரி தூக்கம் வராமல் கடைக்குத் தூக்க மருந்து வாங்கப் போன இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமலே மனதைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். தெரிந்த பிறகு நடக்கும் கூத்துதான் படம்.

"இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும்" என்றேன். மகள் ஒரு நிஜ ஜோடியைச் சொன்னாள். 1992 அதிபர் தேர்தலில் கிளிண்டனுக்கு வியூகம் வகுத்தவர் ஜேம்ஸ் கார்வில். எதிர்த்து நின்ற புஷ்ஷின் பிரசாரத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர் மேரி மாட்டலின். இருவரும் காதலர்கள். கிளிண்டன் ஜெயித்தார். அடுத்த வருடமே இவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்காக யாரும் கட்சி மாறவில்லை.

"பார்த்தீங்களாம்மா, காதல் எல்லாத்தையும் ஜெயிச்சிடும்" என்றாள் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் முழங்கும் வசனம் முந்தின ராத்திரி எப்படித் தயாராகிறது என்பது அந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். அதனால் அதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்திருப்போம். பூத்தில் எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பட்டியலில் ஒரு பெயருக்காகக் குரல் உயரும். மதியம் ஒருவர் பொட்டலத்திலிருந்து இன்னொருவருக்கு ஊறுகாய் போகும்.

சண்டை போடுவது நாம்தான். 2021 தேர்தல் நேரத்தில் குடும்பக் குழுவில் ஒரு செய்தியை நான் பகிர்ந்தேன். தம்பி அதற்கு எதிராக ஒன்றைப் போட்டான். வார்த்தை தடித்தது. அவன் குழுவை விட்டு வெளியேறினான். அதற்குப் பிறகு என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நான் போட்டதும் நான் எழுதியதில்லை, அவன் போட்டதும் அவன் எழுதியதில்லை. யாரோ எழுதிய இரண்டு வரிக்காக, நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையோடு இத்தனை காலம் பேச்சில்லை.

கொள்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஓட்டு மாறவில்லை. அவனுடையதும் மாறியிருக்காது. மாறவும் வேண்டாம். பிள்ளைகளே, வாதம் செய்யுங்கள். ஆனால் உங்கள் சொந்த வார்த்தையில், முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். அப்போது அடுத்தவர் மனசு நோகாமல் பேசத் தானாகவே வரும்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். லைக் எல்லாம் போட வேண்டாம். மாவடு நன்றாக ஊறியிருக்கிறது. உனக்கென்று ஒரு ஜாடி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அரசியலும் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்