செந்தூர்ச் சாலையில் ஒரு நடைபாதை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 15 மணி நேர நடை. தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டி, வெறுங்காலோடு போகிறவர்கள் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி என்று வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் பெரும்பகுதியைக் கடக்கிறார்கள். தார் முடிந்து ஜல்லி தொடங்கும் அந்த ஒரு முழ ஓரம்தான் அவர்களுக்குக் கிடைத்த பாதை. முதுகுக்குப் பின்னால் லாரி வெளிச்சம். இந்தச் சாலைக்கு மரநிழலோடு தனி நடைபாதை வேண்டும். வருஷத்தில் சில நாள் கூட்டத்துக்கு இவ்வளவு செலவா என்பார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயலுக்குப் போகிறவர்களும் அதே ஜல்லியில்தான் நடக்கிறார்கள். திண்டுக்கல்–பழனி சாலையோரம் பாதயாத்திரைக்கென்றே பாதை போட்டிருக்கிறோமே, இங்கே மட்டும் ஏன் முடியாது? கஷ்டப்பட்டு நடப்பதுதானே வேண்டுதல் என்று கேட்பவர்களும் உண்டு. கொப்புளம் பக்தர் தானாக ஏற்றுக்கொண்டது; லாரிச் சக்கரத்தை யாரும் நேர்ந்துகொள்வதில்லை. நடப்பவருக்குக் கல்மண்டபமும் சுமைதாங்கியும் கட்டிவைத்த ஊர்கள் இவை. அடுத்த தைக்குள் ஆழ்வார்திருநகரிக்கும் குரும்பூருக்கும் நடுவிலாவது வேலையைத் தொடங்கலாம்.