கையெழுத்துப் போட ஆள் வேண்டும்

ஒரகடம் தொழிற்பேட்டையில் செம்புக் கம்பி திருடியதாக 16 வயதுப் பையன் ஒருவன் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, பேசுவது ஒடியா. பன்னிரண்டு மணி நேர ஷிப்டை விட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. 24 மணி நேரத்துக்குள் பையனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். ஜாமீன்தான் விதி என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் பொறுப்பேற்று அழைத்துப்போக ஆள் வராத பிள்ளைக்கு மிஞ்சுவது, விசாரணையில் உள்ள சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம்தான். குற்றத்தின் அளவல்ல, பெற்றவர்களின் ஏழ்மையே அங்கே அவனை அனுப்பிவைக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய இல்லங்களுக்குள் என்ன நடக்கும் என்பதைச் செங்கல்பட்டில் பார்த்துவிட்டோம். பேட்டரி திருட்டு வழக்கில் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன், 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசினர் இல்லத்தில் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவும் அமைத்தது.

பிள்ளைகளை இல்லத்தில் அடைக்காமலே எச்சரித்து அனுப்பலாம், சமூகச் சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டிலேயே விடலாம். சட்டத்தில் இத்தனை வழிகள் உண்டு. அவற்றைக் குழுமம் நம்பிக் கையாள, நன்னடத்தை அலுவலர் அந்தப் பையன் குடியிருக்கும் லைன் வீட்டின் படியேறிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இந்தத் தொழிற்பேட்டைக்கென்றே ஒடியாவும் இந்தியும் தெரிந்த அலுவலர் ஒருவரையாவது அரசு உடனே நியமிக்கட்டும்.