வளவுக்காரருக்கும் வளவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

ஸ்காபுரோவிலிருந்து எழுதுகிறேன். ஊர்க் காணிகளைப் பற்றி இங்கே கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஓயாமல் கதைக்கிறோம். உங்களோடு மட்டும் நேராகக் கதைப்பதில்லை. காணிக் கதை எடுத்தால் உறவு முறிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தோடேயே 30 வருடம் போய்விட்டது. அந்த 30 வருடம்தான் இப்போது என்னை எழுத வைக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தவர்களில் பலருக்குச் சொந்த வீட்டில் கூரை இல்லை. சிலருடைய வீடு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. "எங்கட வீடு சும்மாதானே கிடக்குது, போய் இருங்கோ" என்று வெளிநாட்டிலிருந்தவர்கள் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள், நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டீர்கள். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

போன மாதம் என் சித்தியின் மகன் சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பணம் கட்டியது அவன். சீட்டில் இருப்பதோ எப்போதோ காலமான எங்கள் தாத்தாவின் பெயர். அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியதும், கிணறு இறைத்ததும், வேலி அடைத்ததும் அவன்தான். வங்கியில் கடன் கேட்டால் உறுதி எங்கே என்கிறார்கள். வீட்டுத்திட்டம் வந்தாலும் அதே கேள்வி. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. "கட்டினால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ" என்றான். இது அநியாயம். வெளிநாட்டுக்காரரின் காணி பறிபோகிறது என்றே இங்கே எல்லோரும் புலம்புகிறோம். இவன் பக்கத்து இழப்பை எவரும் பேசுவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையின் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே விதிதான். ஆகவே "இனி அது உனக்குத்தான்" என்று தொலைபேசியில் சொன்ன சொல்லால் எவருக்கும் உரித்து வராது.

மறுபக்கம், 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையின்றி ஆண்டவர் அந்தக் காணிக்கு உரித்துக் கோரலாம். உரிமையாளர் கடல் கடந்து இருந்தால் அந்த 10 வருடக் கணக்கு அவருக்கு எதிராக ஓடாது என்று அதே சட்டம் ஒரு காப்பு வைத்திருக்கிறது. ஆனால் உரிமையாளருக்கு எதிரான இப்படியான ஆட்சி, அதாவது எதிராட்சி, 30 வருடம் நடந்துவிட்டால் அந்தக் காப்பும் இல்லை. 1996இல் குடிவந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

அனுமதியோடு இருந்தவரின் இருப்பு எதிராட்சி ஆகாது. உண்மைதான். ஆனால் அந்த அனுமதியை எதைக் கொண்டு நிரூபிப்பது? சொன்னவர் மொன்றியலில் செத்துப்போனார், கேட்டவர் ஊரில் செத்துப்போனார். மிஞ்சியிருப்பவை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு வழக்கும்தான். பங்காளிகளுக்குள்ளும் இதே சிக்கல். ஒரு பங்காளியின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் செய்யப்படும் ஆட்சியே என்று 1911இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அதை வைத்தே இன்றும் நீதிமன்றங்களில் வாதாடுகிறார்கள்.

யுத்தத்தால் காணியைப் பார்க்க முடியாதவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்றது. அதைப் பயன்படுத்த இரண்டே வருட அவகாசம். என் சுற்றத்தில் ஒருவருக்கும் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கு ஒரு சொல்: எழுதியவர் கண்ணை மூடிய அன்றே அது செல்லாது. எங்கள் தேசவழமைச் சட்டப்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்க முதல் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை, ஆனால் மாறும்வரை அதுதான் சட்டம். பிரசை மாறிய எங்கள் பிள்ளைகள் இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காமல் இலங்கையில் காணி விலைக்கு வாங்க முடியாது. அதனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டியவற்றை முடிப்பது நல்லது.

வெளிநாட்டிலிருக்கும் என் தலைமுறைக்குச் சொல்கிறேன்: திரும்பிப் போகமாட்டோம் என்று மனதுக்குத் தெரிந்த பின்னும் 4 பரப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதில் வாழ்பவரைத் தவிக்கவிடாதீர்கள். கொடுப்பதென்றால் நன்கொடை உறுதி முடியுங்கள். விற்பதென்றால் முதலில் அங்கே இருப்பவரிடம், அவருக்குக் கட்டுப்படியான விலையில் கேளுங்கள். வைத்திருப்பதென்றால் குத்தகை எழுதுங்கள், அவர் செலவழித்த பணத்தையும் அதில் குறியுங்கள்.

ஊரில் இருப்பவர்களே, பத்திரம் எழுதக் கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுக்காதீர்கள். அது உங்களுக்கும் காவல். வளவுக்காரருக்குத் தெரியாமல் ஆட்சி உறுதி முடித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே மறியுங்கள். பழைய உறுதி எரிந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம்.

வருகிற ஆடி விடுமுறைக்கு இங்கிருந்து பலர் ஊருக்கு வருகிறோம். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு நாள் ஒதுக்கி, நம்பிக்கையான ஒரு நொத்தாரிசை வரவழையுங்கள். அவருடைய செலவை நாங்கள் பொறுக்கிறோம். வரும்போது வீட்டில் இருக்கிற உறுதி, சோலைவரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.

உங்கள் ஊர்க்காரி