பெயரில்லாப் படங்கள்

சென்ற தவணை விடுமுறையின்போது, எமது இல்லத்துக் கணினியிலே குவிந்து கிடந்த புகைப்படங்களை ஒழுங்குபடுத்தத் துணிந்தேன். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்! ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’ என்னும் பெயர்களுடன் ஒரே தேர்த்திருவிழா மூன்று இடங்களில் நடந்துகொண்டிருந்தது.

ஒழுங்கு செய்யும் முறை எளிதே. ஆண்டுக்கொரு கோப்புறை, அதனுள்ளே நிகழ்ச்சிக்கொன்று. ‘2014-04-14 வருடப்பிறப்பு’ என ஆண்டினை முதலில் வைத்துப் பெயரிட்டால், கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கிவிடும். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினாலோ, எல்லா ஆண்டுகளின் முதலாந் திகதிகளும் ஓரிடத்திற் கூடிக் குழப்பம் விளைக்கும்.

படம் எடுத்த நாளை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டுவதில்லை. ‘எக்ஸிஃப்’ எனப்படும் குறிப்பாக அது படக்கோப்பினுள்ளேயே பதிந்திருக்கும். ஜப்பானியர் 1995 ஆம் ஆண்டில் வகுத்த முறை இது. கமராவின் மணிக்கூடு பிழைத்தால் அத்திகதியும் பிழைக்கும் என்பது வேறு விஷயம். வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பும்போது இக்குறிப்பு நீங்கிவிடுவதால், உறவினரிடம் படங்கோருவோர் ‘டொக்கியுமன்ட்’ ஆக அனுப்பும்படி கேட்பது நன்று.

அதே 1995 இல், ஒக்டோபர் இறுதியில், நாம் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தோம். பெரிய அல்பங்களைத் தூக்க இயலாத அம்மா, இருபது படங்களை மாத்திரம் உரித்தெடுத்துக் காணி உறுதிகளுடன் கட்டிக்கொண்டார். எஞ்சியவற்றைப் பின்னர் நாம் கண்டதில்லை. அவ்விருபதையும் ஸ்கான் செய்து கணினியில் ஏற்றியபோது, அது அவற்றுக்கு இட்ட திகதி ஸ்கான் செய்த நாளேயாம்! அம்மம்மாவின் திருமணமும் சென்ற மாதத்து நிகழ்ச்சியாகிவிட்டது. இத்தகைய படங்களுக்குத் திகதியையும் பெயரையும் நாமேதான் எழுதல் வேண்டும்.

முன்னொருகால் நான் அதனைச் செய்ததுண்டு. முகங்களுக்குப் பெயரிடும் வசதியுள்ள மென்பொருளொன்றில் இரண்டு வாரங்கள் உழைத்தேன். பின்னர் அம்மென்பொருள் கைவிடப்பட்டது. எமது கணினியும் மாறியது. படங்கள் வந்து சேர்ந்தன, பெயர்கள் வரவில்லை. அவை படத்தில் அன்றி, மென்பொருளின் தனிப்பதிவேட்டில் இருந்தமையே காரணம். இப்பொழுது ‘டிஜிகாம்’ என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகின்றேன். விளக்கக் குறிப்பைப் படக்கோப்பினுள்ளேயே எழுதுமாறு அதன் அமைப்பில் முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டேன். முழுத் தொகுதியின் பிரதியொன்று தனி வன்தட்டிலும், மற்றொன்று கொழும்பில் தம்பி வீட்டிலும் இருக்கின்றன.

ஆயினும் எழுதுவதற்குப் பெயர் தெரிய வேண்டுமன்றோ? பருத்தித்துறையில் எடுத்த ஒரு படத்தில் ஐவர் நிற்கின்றனர். நால்வரை அம்மா சொன்னார். ஐந்தாமவரை, வவுனியாவில் வசிக்கும் எண்பத்தொரு வயதுப் பெரியம்மாவிடம் படத்தை அனுப்பிக் கேட்டேன். அன்றிரவு அவருக்கு நினைவு வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

“தம்பி, அவர் எங்கட சங்கக்கடை மனேச்சர். பேர்தான் வருகுதில்லை. கூப்பன் அரிசிக்குப் போனால் எனக்கு ஒரு கல்லுச் சீனி தருவார்.”

அதனையே அப்படியே படத்தின் குறிப்பில் எழுதி வைத்துள்ளேன்.