முதலில் ரப்பரை மாற்றுங்கள்

இருபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் போன் வாங்கியவர், இயர்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்று புலம்புவார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இன்னொரு இயர்போனை எடுத்து நீட்டுவார். அட்டையில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் நடப்பது இதுதான். ஆறு மாதம் கழித்து அதே புலம்பல், அதே கண்ணாடிப் பெட்டி.

இதில் பணம் பெரும்பாலும் தவறான இடத்துக்குப் போகிறது. இன்றைய சாதாரண போனில் இருக்கும் ஒலிச் சில்லு அப்படியொன்றும் மோசமில்லை. பாட்டு கெட்டுப்போவது அதைத் தாண்டிய பிறகு: காதில் சரியாக உட்காராத ரப்பரில், அழுக்கு அடைத்த வலையில், யாரும் திறந்தே பார்க்காத செட்டிங்கில். இவற்றைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய் போதும். சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். இதில் கடைக்காரருக்குப் பெரிய லாபம் கிடையாது. அதனால் யாரும் வாய் திறப்பதும் இல்லை.

ரப்பரிலிருந்தே தொடங்கலாம். காதுக்குள் செருகும் இயர்போனில் அதிர்கிற தகடு பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சிறிய தகடு தவிலின் அடியையோ மிருதங்கத்தின் தொப்பியையோ கேட்கவைக்க முடிவதற்குக் காரணம், காதுத் துளைக்குள் சிறைப்பட்ட கொஞ்சம் காற்று. ரப்பர் துளையை முழுவதுமாக அடைத்தால் அந்தக் காற்றின் அழுத்தம் அப்படியே செவிப்பறைக்குப் போகும். எங்காவது இடைவெளி இருந்தால் முதலில் கசிந்து ஓடுவது பேஸ்தான். குரலும் சிம்பலும் தப்பிவிடும். தகர டப்பா சத்தம் என்று சொல்லப்படுவதில் பாதி இந்தக் கசிவு.

சோதித்துப் பார்ப்பது எளிது. பேஸ் கிட்டார் தெளிவாக ஓடும் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தும்போது பேஸ் எழுந்து, விரலை எடுத்ததும் விழுந்தால், ரப்பர் அளவு பொருந்தவில்லை. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி வந்திருக்கும். பெரும்பாலானோர் முதலில் மாட்டியிருந்த நடுத்தர ஜோடியோடு காலத்தை ஓட்டிவிட்டு, மற்றதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பலருக்கு இடது காதும் வலது காதும் ஒரே அளவு கிடையாது. ஒன்றில் நடுத்தரமும் மற்றதில் பெரிதும் மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகினால் துளை கொஞ்சம் நேராகி ரப்பர் ஆழமாக உட்காரும். எந்த ரப்பரும் நிற்காத காதுகளுக்கு ஸ்பாஞ்ச் முனை இருக்கிறது: கசக்கிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனம் 2019-ல் ஏர்பாட்ஸ் ப்ரோவை வெளியிட்டபோது, ரப்பர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று சோதிக்கவே மென்பொருளில் ஒரு வசதி வைத்தது. அவ்வளவு விலையுள்ள பொருளுக்கே அந்தக் கவலை இருந்தால், முந்நூறு ரூபாய் இயர்போனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

அடுத்தது அழுக்கு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் காதுக்குறும்பி வலையை அடைத்திருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு உலர்ந்த, மென்மையான டூத்பிரஷால் தேய்த்தால் போதும். போனின் ஜாக் துளையிலும் சட்டைப்பை பஞ்சு சேரும். பின் முழுதாக இறங்காமல், அதன் தரை இணைப்பு விட்டுப்போனால் வேடிக்கையான ஒன்று நடக்கும். இடது, வலது ஒலிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது காணாமல் போய், வயலின் கூட்டமும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். இயர்போன் செத்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். போனை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் பதமாகப் பஞ்சை எடுத்தால் குரல் திரும்பிவிடும்.

ஜாக்கே இல்லாத போன்கள் வேறு கதை. 2016-ல் ஐபோன் 7-இலிருந்து ஜாக்கை எடுத்தபோது, அதற்குத் துணிச்சல்தான் காரணம் என்று மேடையில் விளக்கம் சொன்னார் ஆப்பிளின் ஃபில் ஷில்லர். அந்தத் துணிச்சலுக்கான பில் இன்றுவரை வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. டைப்-சி கன்வெர்ட்டரில் இரண்டு சாதி உண்டு; வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்று வெறும் ஒயர்: டைப்-சி துளை வழியாகவே ஒலியை அனுப்பும் சில போன்களில் மட்டும் அது வேலை செய்யும். மற்றொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் ‘டாக்’ சில்லு இருக்கும். 2019-ல் ஜாக்கைக் கைவிட்ட சாம்சங் கேலக்ஸி நோட் 10 போன்றவற்றுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். நடைபாதையில் கிடைப்பதை வாங்கி மாட்டி, சத்தமே வரவில்லை என்று போனைச் சந்தேகப்படுவதில் பயனில்லை. ‘டாக்’ சில்லு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஒன்பது டாலருக்கு விற்கும் ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர், அளவீடுகளில் பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு போட்டி போடுகிறது. ஒரே எச்சரிக்கை, சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் வால்யூம் குறைவாகவே வரும்.

அப்படியானால் தனி ஆம்ப்ளிஃபயர்? பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு நல்ல கன்வெர்ட்டர் ஒரு வோல்ட் கொடுக்கும். 32 ஓம் இயர்போனில் அது சுமார் 31 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தரும் சாதாரண இயர்போன் அந்தச் சக்தியில் 120 டெசிபலைத் தொடும்; காது வலிக்கும் அளவு அது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர் வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யோசிக்கலாம்.

கையில் இருக்கும் இயர்போனின் குணத்தையே மாற்றக்கூடிய இலவசக் கருவி ஈக்வலைசர். அதைத்தான் மக்கள் மிக மோசமாகப் பயன்படுத்துகிறார்கள். ‘ராக்’, ‘பாப்’ என்று பெயரிட்ட பொத்தான்களில் ஒன்றை அழுத்திவிட்டு, பேஸ் கம்பியை உச்சிக்குத் தள்ளுவார்கள். பாட்டு உடனே கரகரக்கும். பேஸை ஆறு டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை ஆறு டெசிபல் இறக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். ஏற்றுவதைவிடக் குறைப்பதே நல்ல பழக்கம். மலிவு இயர்போன்களில் பொதுவாக 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீக்கம் இருக்கும். அங்கே மூன்று, நான்கு டெசிபல் குறைத்தால் குரல்மேல் போர்த்தியிருந்த கம்பளி விலகும். ‘ஸ’, ‘ச’ ஒலிகள் காதைக் கீறினால் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கலாம்.

இதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் 2012 முதல் வெளியிட்ட ஆய்வுகள், பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலை எது என்று ஒரு வளைகோட்டை வரைந்து காட்டின. அதை அளவுகோலாக வைத்து ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களுக்கான திருத்தங்களைக் கணக்கிட்டு இலவசமாகத் தருகிறது ‘ஆட்டோஈக்யூ’ திட்டம். ஆண்ட்ராய்டில் ‘வேவ்லெட்’ செயலியில் மாடல் பெயரைத் தேடினால் அந்தத் திருத்தம் கிடைக்கும். விண்டோஸ் கணினிக்கு ‘ஈக்வலைசர் ஏபிஓ’. ஐபோனில்தான் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பாட்டுச் செயலிகளுக்குள் இருக்கும் சில பட்டைகளோடு திருப்திப்பட வேண்டும்.

இதெல்லாம் செய்தும் திருப்தி வராவிட்டால் புதிதாக வாங்கலாம். ஆனால் விலையைப் பார்த்துத் தரத்தை எடைபோடக் கூடாது. 2017-ல் யெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். அவற்றின் அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் முடிவு. மூன்ட்ராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்ற சீன இயர்போன்கள் இருபது டாலரை ஒட்டிய விலைக்கு வந்து, பழைய பெரிய பெயர்களுக்குத் தலைவலி கொடுத்தன. ‘ஹை-ரெஸ்’ தங்க முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஹெட்போனிடம் கேட்பது 40,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி; மனிதக் காதின் எல்லை 20,000, வயது ஏற ஏற அதுவும் சுருங்கும். கடையில் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்கும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் கூடும்போது பேஸ் நன்றாகக் கேட்கும் என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். கொஞ்சம் உரக்கப் பாடும் இயர்போன் எப்போதும் நல்ல இயர்போனாகத் தோன்றும்.

ப்ளூடூத்தின் வசதியை யாரும் மறுக்கப்போவதில்லை. நெரிசல் பேருந்தில் ஒயர் ஒரு தொல்லைதான். ஆனால் ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் இயர்போனில் அந்த ஆயிரம் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் சார்ஜ் பெட்டிக்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. சிறிய பேட்டரி தேய்ந்தால் பொருளே குப்பைக்குப் போகும். குறைந்த பட்ஜெட்டில் ஒலி முக்கியம் என்றால் ஒயர்தான். மடிக்கணினியில் மீட்டிங் தொடங்கியதும் ப்ளூடூத் ஒலி பாழாவதற்கும் எளிய காரணம் உண்டு: ஹெட்செட்டின் மைக் திறந்ததும் இணைப்பு தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. செட்டிங்கில் கணினியின் மைக்கையே தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒலி திரும்பிவிடும்.

பாட்டின் மூலத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ‘நார்மல்’ என்றால் 96 கிலோபிட். ‘ஹை’ என்று மாற்றினால் 160. இது ஒரே தட்டலில் முடிகிற வேலை.

நன்றாக அடைக்கும் ரப்பருக்கு இன்னொரு பயனும் உண்டு. வெளி இரைச்சல் குறைவதால் வால்யூமையும் குறைக்கலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபல். பேருந்து இன்ஜினை மீறிக் கேட்க முயல்பவர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். தண்டவாளத்தையும் சாலையையும் கடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

கடைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லா அளவிலும் ரப்பர் ஜோடிகளைத் தனியாகக் கவுன்ட்டரில் தொங்கவிட்டு, ஸ்பிரிட் துடைத்த மாதிரி இயர்போனில் மாட்டிப் பார்க்க விடலாம். இயர்போன் அட்டைகளிலும் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ பிடித்திருக்கும் இடத்தில், உள்ளே இருக்கும் ரப்பர்களின் அளவை மில்லிமீட்டரில் அச்சிடலாம்.