சீட்டுல இல்லாத ஊர்

2022 டிசம்பர் 31 ராத்திரி. புதுக்கோட்டையில நாங்க போற சபையில வருஷக் கடைசி ஆராதனை. வாசல்லயே ஜெபக்குறிப்பு எழுதச் சொல்லி துண்டுச் சீட்டு குடுத்தாங்க. நான் எழுதினதை ஒளிக்காம சொல்லிடறேன்: வீட்டுக் கடன் சீக்கிரம் அடையணும். வீட்டம்மா எழுதினது பையனோட பிளஸ் டூ மார்க். பின்வரிசை அண்ணனுக்கு சிங்கப்பூர் வேலை. போதகர் ஒவ்வொண்ணா வாசிக்க, நாங்க ஆமென் போட்டோம்.

பன்னெண்டு அடிச்சதும் வாக்குத்தத்த அட்டை. எனக்கு வந்தது உபாகமம் 28-ம் அதிகாரம், வாலா இல்லாம தலையா இருப்பேங்கற வசனம். பக்கத்துல இருந்தவருக்கும் அதே! எல்லாரும் தலைன்னா வால் யாருங்கற சந்தேகம் அப்பவே வந்துச்சு. கேக்கும் டீயும் வரவும் மறந்துட்டேன் :-)

அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் வேங்கைவயல் விஷயம் வெளிய வந்தது. எங்க மாவட்டம்தான், அன்னவாசல் ஒன்றியம். தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணியில மலம். குழந்தைங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனப்புறம்தான் தொட்டியில ஏறிப் பார்த்திருக்காங்க. (வழக்கு எப்படிப் போச்சு, 2025 ஜனவரியில சிபிசிஐடி அந்த ஊர்க்காரங்க மூணு பேர் மேலயே குற்றப்பத்திரிகை போட்டது, ஊர் அதை ஏத்துக்காதது, அதெல்லாம் தனியா எழுத வேண்டியது.) அந்த வாரம் பேப்பரைத் திறந்தா அதுதான். அன்னிக்கு வாசிச்ச சீட்டுல ஒண்ணுலகூட அந்த ஊர் பேர் இல்லை. என் சீட்டுலயும்தான்.

இயேசு சொல்லிக்குடுத்த ஜெபத்துல 'எனக்கு'ங்கற வார்த்தையே கிடையாது. எல்லாம் 'எங்கள்'தான். இங்கிலீஷ்காரனுக்கு 'நாம'வுக்கும் 'நாங்க'ளுக்கும் ஒரே சொல். நமக்கு ரெண்டு இருக்கு. கடவுள்கிட்ட பேசறப்ப அவரைச் சேர்த்துக்க முடியாதே, அதனால 'எங்கள்'. சரி, அவரைத் தவிர வேற யாரையெல்லாம் வெளிய நிறுத்தறோம்? எங்க வீட்டுல அந்த 'எங்கள்' மொத்தமே நாலு பேர்.

கேக்கறதே தப்புன்னு சொல்ல வரலை. 2018 நவம்பர்ல கஜா புயல்ல தென்னந்தோப்பு பூராவும் சாஞ்சுபோன வடகாடு, கீரமங்கலம் ஆளுங்க, தனக்காக ஜெபிக்காம வேற யாருக்காக ஜெபிப்பாங்க?

என் மாமியார் வீடு கத்தோலிக்கம். வருஷாவருஷம் ஓரியூர் போய் செம்மண் எடுத்துட்டு வருவாங்க. அங்க இருக்கறவர் அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ. லிஸ்பன்ல அரண்மனையில வளர்ந்த பிள்ளை. சின்ன வயசுல நோவுல படுத்தப்ப அவங்கம்மா சவேரியார்கிட்ட நேர்ந்துக்கிட்டாங்க, பிள்ளை பிழைச்சான். இதுவரைக்கும் எங்க சபையில மைக் பிடிச்சுச் சொல்ற சாட்சி மாதிரியேதான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை வளர்ந்து, மதுரை மிஷனுக்குப் போறேன்னு கிளம்புது. தடுக்க அந்தம்மா படாதபாடு பட்டாங்க. நிக்கலை. 1673-ல இந்தியா வந்தார். 1693 பிப்ரவரி 4, ஓரியூர்ல தலையை வெட்டினாங்க. சேதி லிஸ்பன் போய்ச் சேர்ந்தப்ப நடந்த நன்றி வழிபாட்டுக்கு, அந்தம்மா துக்க உடுப்பு போடாம திருநாள் உடுப்புல வந்தாங்களாம். எனக்கு இது சத்தியமா முடியாது. ஆனா வேண்டி வாங்கினதை 'என்னுது'ன்னு இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்தவங்க, எந்த நாள்ல கையை விட்டிருப்பாங்கன்னு யோசிக்காம இருக்க முடியலை.

2024 டிசம்பர் 31-க்கும் சீட்டு குடுத்தாங்க. திருந்திட்டேன்னு பீத்திக்க மாட்டேன். மேல வேங்கைவயல் ஜனங்கன்னு எழுதினேன், கீழ வீட்டுக் கடன். போதகர் முதல் வரியை வாசிச்சுட்டு ஒரு நொடி நிறுத்தினார். ஆமென் கொஞ்சம் சன்னமாத்தான் வந்துச்சு. கடனுக்கு எப்பவும்போல பலமா.