படுகளத்து மண்ணால் ஒரு மன்றம்!



கோட்டை என்றதும் கருங்கல்லை எண்ணுகிறோம். மண்டபம் என்றதும் ஆயிரங்கால்களை எண்ணுகிறோம். கல்லிலே வெட்டியதுதான் வரலாறு, மண்ணிலே எழுப்பியது வறுமை — இப்படி நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பழந்தமிழகம் சொல்லவில்லை. தருமபுரி மண்ணைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்.

சங்க காலத்திலே தகடூர் என்று பெயர் பெற்ற ஊர் அது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான், தகடூர் வீழ்ந்தது, வென்றவனுக்குத் ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழி கிடைத்தது. அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. சில பாடல்களே எஞ்சின. சேலம் சாலையிலே அதியமான்கோட்டை என்றோர் ஊர் இருக்கின்றது. அங்கே மண்கோட்டையின் எச்சம்தான் மிச்சம். ஏடு அழிந்தது, மதில் கரைந்தது. அவன் பெயர் மட்டும் கரையவில்லை!

மண்ணை மதிலாக்கிப் போர் புரிந்த அதே நிலத்தில், மண்ணைக் கொண்டே போரை முடித்து வைக்கும் வழக்கமும் உண்டு. தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலே பல நாள் பாரதக் கூத்து நடக்கும். இறுதி நாள் படுகளம். ஊர்ப் பொதுவெளியிலே, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பேருருவாக மண்ணாலே சமைப்பார்கள். பீமன் வேடதாரி அவன் தொடையிலே அடிப்பான்; பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மேடை நாடகம் எழுதும் எவனும் அந்தக் காட்சியின் முன் தலைதாழ்த்துவான்!

ஆனால் அதற்குப் பின் நடப்பதுதான் நம் சிந்தனைக்குரியது. வீழ்ந்தவன் உடலாகக் கிடந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளி வீட்டுக்குக் கொண்டு செல்வார்கள், விளைவு பெருகும் என்று. அந்த நம்பிக்கையை நான் பரப்ப வரவில்லை. அதனுள்ளே உழவன் ஒளித்து வைத்த கருத்தைக் காட்டுகிறேன்: போர்க்களத்து மண் நெற்குதிருக்குப் போகவேண்டும்! பகை முடிந்த இடத்திலே பயிர் தொடங்கவேண்டும்!

கூத்திலே நடக்கும், நாட்டிலே நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது, இலங்கையிலே. 2009 மே மாதம் அங்கே போர் ஓய்ந்தபின், அம்பேபுஸ்ஸ என்னுமிடத்தில் படை வளாகத்திலே ஒரு சமுதாய நூலகம் எழுந்தது. கட்டடக் கலைஞர்கள் மிலிந்த பத்திராஜாவும் கங்கா ரத்நாயக்கவும் வரைந்தனர். இளஞ்சிப்பாய்களுக்குக் கட்டுமானத் தொழில் பயிற்றி, அவர்கள் கையாலேயே கட்டுவித்தனர். சட்டம் அடைத்து, ஈரமண் கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய மண்சுவர்கள்! துப்பாக்கி ஏந்திய கைக்குத் திமிசு கொடுத்தார்கள். 2015இல் அதற்கு உலக ஹோல்சிம் விருதின் வெள்ளிப் பரிசு கிடைத்தது.

‘சிங்களப் படைக்குப் பாராட்டா?’ என்று சினந்தெழும் தோழனை நான் அறிவேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை, தமிழன் எவனும் மறக்கமாட்டான். மறவாமலே சொல்கிறேன்: சிப்பாய்க்கு மறுவாழ்வு தந்த மண், அவன் படை நடந்த நிலத்திலே வீடிழந்தவனுக்கும் தரவேண்டும் அன்றோ? வென்றவனுக்கு மண்டபம், தோற்றவனுக்கு முள்வேலி என்றால், போர் முடியவில்லை, வடிவம் மாறியிருக்கின்றது என்றே பொருள்!

அவ்வாறு வீடிழந்து வந்த ஈழத்தமிழர் நம் தருமபுரி மாவட்டத்திலேயே, தும்பலஅள்ளி, நாகாவதி அணைகளின் அருகே முகாம்களில் வாழ்கின்றனர். 2021 ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது; வீடுகள் உள்ளிட்டவற்றிற்காகத் தமிழக அரசு 317 கோடி ரூபாய் அறிவித்தது. நன்று! ஆயினும், வீடு தனி மனிதனைக் காக்கும். மன்றம்தான் மக்களைச் சேர்க்கும்.

போர் கடல் தாண்டி மட்டுமா நடக்கிறது? 2012 நவம்பர் 7ஆம் நாள், இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணமாம், அதற்குத் தண்டனையாம்! எரிந்த சுவரைக் கொத்தனார் எழுப்புவார். அறுந்த உறவை எழுப்பும் கொத்தனார் எங்கே?

ஆகவே என் வேண்டுகோள் இது. ஊருக்கும் காலனிக்கும் நடுவிலே, ஊருக்கும் முகாமுக்கும் நடுவிலே, இரு பக்கமும் வாயில் திறந்த மண்மண்டபம் ஒன்று எழட்டும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் கூடை மண் வரட்டும். இரு தரப்பு இளைஞர்களும் ஒரே திமிசைப் பிடிக்கட்டும். பகலிலே படிப்பகம், இரவிலே கூத்து மேடை. சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகும் பணத்திலே பெரும்பகுதி நம்மூர்க் கைகளுக்குக் கூலியாகும். தொழிலும் கையிலே தங்கும்.

‘மழையிலே கரையாதோ?’ அடியிலே கல் பாவி, மேலே கூரையை அகல இறக்கினால் மண்சுவர் தலைமுறைகளைத் தாங்கும். சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய மண்கற்களால் கட்டிக் காட்டுகிறது, 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டடக் கழகம். லாரி பேக்கரும் கேரளத்திலே மண்ணின் பெருமை பேசியவரே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிசைவாசியைப் பார்த்து, ‘மண்வீட்டிலேயே கிட’ என்று உபதேசிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்ல நான். காரைவீடு கேட்பது அவன் உரிமை. பெற்றுத் தருவது நம் கடமை. நான் கேட்பது பொதுமன்றம். அதை மண்ணாலே கேட்பதன் காரணம் ஒன்றே: கல்லை ஒருவன் வாங்கித் தந்து தன் பெயரைப் பொறித்துக் கொள்ளலாம், மண்ணை எல்லோரும் சேர்ந்து மிதித்தால்தான் சுவராகும்!

தோழனே! உன் ஊரிலே இவ்வாண்டு படுகளம் முடிந்த மறுநாள், கூடையை எடு. காலனித் தெருவுக்கு முதலில் போ. ‘வாருங்கள், மண் எடுப்போம்’ என்று அழை. அவர்கள் வரும் வரையில் கடைக்கால் தோண்டாதே!